ஹீ-மேன் கடைசியில அட்வைஸ் சொன்னது நிஜம்தான்

ஹீ-மேன் கார்ட்டூன் கடைசியில நீதி சொல்வாங்கன்னு நீங்க சொல்ல, போட்டுக் காட்டுன வீடியோல அது இல்லன்னு பையன் மறுக்கிறான்னு கேட்டிருந்தீங்க. உங்க ஞாபகம் கரெக்ட், பையன்கிட்ட தோத்துடாதீங்க. 1983ல வந்த கார்ட்டூன்ல கதை முடிஞ்சதும் ஹீ-மேனோ, அவரோட கூட்டாளிங்க டீலாவோ ஆர்க்கோவோ நேரா நம்மளப் பாத்து, பொய் சொல்லாத, பெரியவங்க பேச்சக் கேளுங்கற மாதிரி ரெண்டு வார்த்தை பேசிட்டுத்தான் போவாங்க.

நீங்க போட்டுக் காட்டுன வீடியோல அது இல்லன்னா அநேகமா யாரோ வெட்டியிருக்காங்க. கதை முடிஞ்சு எல்லாரும் சிரிப்பாங்கல்ல, அதுக்கும் பேர் ஓடுறதுக்கும் நடுவுல வர்ற குட்டி பிட்டு அது, தூக்கிட்டா கதையில ஒண்ணும் குறையாது, அதனாலதான் ஈசியா காணாமப் போகுது.

1. அதே எபிசோட வேற இடத்துல தேடி கடைசி ரெண்டு நிமிஷம் மட்டும் ஓட்டிப் பாருங்க.

2. நீங்க பாக்குறது பழசுதானான்னும் பாத்துக்கங்க. 2002லயும் 2021லயும் புதுசா எடுத்தாங்க, பழசுன்னா அத எடுத்த கம்பெனி ஃபில்மேஷனோட பேர் வரும், மொத்தம் 130 எபிசோட்.

இன்னொண்ணு, பொம்மைதான் முதல்ல வந்துச்சு, மட்டெல்ங்கற பொம்மைக் கம்பெனி 1982ல வித்தது, கார்ட்டூன் அப்புறம்தான். பொம்மை விக்க அரை மணி நேர விளம்பரமான்னு அமெரிக்கால பெத்தவங்க கத்துனாங்க, அதுக்கு இந்த நீதி பிட்டு நல்லாவே கைகொடுத்துச்சு (கையில அவ்ளோ பெரிய வாள வச்சுக்கிட்டு யாரையும் வெட்டவே மாட்டாரு பாருங்க, அதுவும் இதே கணக்குதான்).

ஆனா பொம்மை டப்பாவுல வந்த குட்டி காமிக்ஸ்ல இந்த நீதியத் தேடாதீங்க. ஆரம்பத்துல வந்ததுல இளவரசர் ஆடமே (கார்ட்டூன்ல ஹீ-மேனா மாறுறவர்) கிடையாது, ஹீ-மேன் சும்மா ஒரு காட்டு வீரன்தான்.