குறட்டை விடும் கணவருக்கு எடைக் குறைப்பு ஆபரேஷன்: நுரையீரல் சிக்கலை முன்பே கணிக்க முடியுமா?

கேள்வி: என் கணவருக்கு வயது 48. எடை 128 கிலோ, உயரம் 168 செ.மீ. பிரஷருக்கு மாத்திரை சாப்பிடுகிறார், சிகரெட் பழக்கமும் உண்டு. லேப்ராஸ்கோப்பியில், இரைப்பையைச் சிறிதாக்கும் ஸ்லீவ் ஆபரேஷன் செய்ய முடிவாகியிருக்கிறது. இரவில் பலமாகக் குறட்டை விடுவார். நடுவில் மூச்சு நின்று, திணறி எழுவார். பகலில் உட்கார்ந்தபடியே தூங்கிவிடுகிறார். மார்பு எக்ஸ்ரே நார்மல். இப்போது, தூங்கும்போது மூச்சைக் கண்காணிக்கும் ஸ்லீப் ஸ்டடியும் வேண்டும் என்கிறார்கள். வீண் செலவோ? நுரையீரலில் சிக்கல் வருமா என்று முன்பே சொல்ல முடியாதா?

பதில்: வீண் செலவு இல்லை, கட்டாயம் செய்யுங்கள். நீங்கள் எழுதியதில் எடையைவிட எனக்குக் கவலை தருவது, தூக்கத்தில் அவருக்கு மூச்சு நிற்பதுதான்.

சிக்கல் வரும், வராது என்று யாரும் அடித்துச் சொல்ல முடியாது. ஆபத்து கூடுதலா, குறைவா என்று கணக்கிடலாம். அதற்குப் பரவலாகப் பயன்படுவது அரிஸ்காட் மதிப்பெண். ஸ்பெயினின் கட்டலோனியாவில் 59 மருத்துவமனைகளின் நோயாளிகளை வைத்து உருவாக்கி, 2010-இல் வெளியிட்டார்கள். வயது, ஆக்சிஜன் அளவு, கடந்த ஒரு மாதத்தில் வந்த சுவாசத் தொற்று, ரத்தசோகை, ஆபரேஷன் செய்யும் இடம், அதற்காகும் நேரம், அவசர ஆபரேஷனா என்ற ஏழு விஷயங்களைப் பார்க்கிறது. உங்கள் கணவருக்கு மேல்வயிற்று ஆபரேஷன் என்பதற்கு 15 மதிப்பெண். ஆக்சிஜன் 96 சதவீதத்துக்குக் குறையாமல், ரத்தசோகை இல்லாமல், இரண்டு மணி நேரத்துக்குள் முடிந்தால் மொத்தமே 15தான். 26-க்குக் கீழே என்றால் ஆபத்து குறைவு என்று கணக்கு.

இதை வைத்து நிம்மதியாக இருந்துவிடாதீர்கள். அந்த ஏழில் உடல் எடையோ குறட்டையோ சிகரெட்டோ இல்லை. பருமனானவர்களுக்கு வயிற்றுக் கொழுப்பு, நெஞ்சையும் வயிற்றையும் பிரிக்கும் தசையான உதரவிதானத்தை மேலே தள்ளுவதால், மூச்சை வெளியே விட்டபின் நுரையீரலில் தங்கும் காற்று குறைவு. மல்லாந்து படுத்தால் இன்னும் குறையும். மயக்கம் கொடுத்து மூச்சு நின்றதும் ஆக்சிஜன் மளமளவென்று இறங்குவது இதனால்தான். நுரையீரலின் அடிப்பகுதி காற்றில்லாமல் சுருங்கி, அங்கே சளி தேங்கினால் நிமோனியா வரலாம். இதோடு மார்ஃபின் வகை வலி மருந்தும் சேர்ந்தால், ஏற்கெனவே தூக்கத்தில் மூச்சு நிற்பவருக்கு ஆபரேஷன் முடிந்த இரவு ஆபத்தானது.

ஆகவே அரிஸ்காட்டோடு, தூக்கத்தில் மூச்சடைப்பு இருக்க வாய்ப்புண்டா என்று பார்க்கும் ஸ்டாப்-பேங் கேள்விகளையும் கேட்கிறோம். டொராண்டோவில் பிரான்சிஸ் சங் குழுவினர் 2008-இல் வெளியிட்டது இது. குறட்டை, பகல் சோர்வு, மூச்சு நிற்பதைப் பிறர் பார்த்திருப்பது, பிரஷர், பி.எம்.ஐ. (உயரத்துக்கேற்ற எடைக் கணக்கு) 35-க்கு மேல், வயது 50-க்கு மேல், கழுத்துச் சுற்றளவு 40 செ.மீ.க்கு மேல், ஆண் என எட்டு கேள்விகள். ஒவ்வொரு ‘ஆம்’-க்கும் ஒரு மதிப்பெண். 5 வந்தாலே மூச்சடைப்பு இருக்கும் ஆபத்து அதிகம். உங்கள் கணவரின் பி.எம்.ஐ. 45. கழுத்தை அளக்கும் முன்பே 6 ஆகிவிட்டது. மூச்சு நிற்பதைப் பக்கத்தில் படுப்பவர்தான் சொல்ல முடியும் என்பதால், டாக்டரைப் பார்க்கும்போது நீங்களும் கூடப் போங்கள்.

இன்னொன்றும் கேளுங்கள்: ரத்தத்தில் பைகார்பனேட் எவ்வளவு? அது 27-ஐத் தொட்டால், பகலிலும் உடலில் கார்பன் டை ஆக்சைடு தேங்குகிறதா என்று தமனி ரத்தத்தை எடுத்துப் பார்க்க வேண்டும். அப்படித் தேங்கினால் ஆபத்து இன்னொரு படி மேலே போகிறது. ஆபரேஷன் முடிந்ததும் ஐ.சி.யு.வில் வைத்துப் பார்ப்பது நல்லது. எக்ஸ்ரே நார்மல் என்பது இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லாது. ஊதிப் பார்க்கும் நுரையீரல் சோதனை எல்லோருக்கும் தேவையில்லை, சிகரெட் பிடிப்பதால் இவருக்குச் செய்யலாம்.

ஸ்லீப் ஸ்டடியில் மூச்சடைப்பு உறுதியானால், இரவில் காற்றை அழுத்திக் கொடுக்கும் சிபாப் கருவியைச் சில வாரங்கள் முன்பிருந்தே போட்டுப் பழகட்டும். ஆஸ்பத்திரிக்கும் அதையே எடுத்துப் போங்கள். அந்தக் காற்று வயிற்றுத் தையலைப் பிரித்துவிடும் என்று பயப்பட வேண்டாம்.

சிகரெட்டைக் குறைந்தது ஆறு வாரம் முன்பே நிறுத்த வேண்டும். காய்ச்சலோடு சளி பிடித்து ஆன்டிபயாடிக் எடுத்திருந்தால் மறைக்காமல் சொல்லுங்கள். அரிஸ்காட்டில் அதற்கு மட்டும் 17. மொத்தம் 32 ஆகி நடுத்தர ஆபத்தில் சேர்ந்துவிடும். தேதியை ஒரு மாதம் தள்ளிப் போட்டாலே அந்த 17 போய்விடும். மூச்சுப் பயிற்சிக்கான மூன்று பந்துக் கருவியை வாங்கி இப்போதே பயிற்சி தொடங்கட்டும். பலர் அதில் ஊதுகிறார்கள். மெதுவாக உள்ளே இழுத்து, பந்தை மேலேயே நிறுத்திப் பிடிக்க வேண்டும். ஆபரேஷன் முடிந்தபின் தலைப்பக்கம் உயர்த்திய கட்டிலில் படுக்கட்டும், அன்றே எழுந்து நடக்கட்டும்.

வீட்டுக்கு வந்தபின் திடீரென மூச்சு வாங்கினாலோ, நாடித்துடிப்பு 120-ஐத் தாண்டினாலோ சளி என்று நினைத்து வீட்டு வைத்தியம் பார்க்காதீர்கள். காலில் உறைந்த ரத்தம் நுரையீரலுக்குப் போயிருக்கலாம். வயிற்றுத் தையலில் கசிவும் முதலில் இப்படித்தான் தெரியக்கூடும். எந்த நேரமானாலும் உடனே ஆபரேஷன் செய்த டாக்டரைக் கூப்பிட்டுவிட்டு ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள்.