அம்மாவின் பயமும் அண்ணனின் வசனமும்

கேள்வி: என் அம்மாவுக்கு 79 வயது. பக்கவாதம் வந்து படுத்த படுக்கையாக இருக்கிறார். ஆர்.சி. (ரோமன் கத்தோலிக்க) குடும்பத்தில் பிறந்து சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை என்ற புராட்டஸ்டண்ட் சபை) வீட்டுக்கு மருமகளாக வந்தவர். ஜெபமாலையை இன்னும் விடவில்லை. "நான் பெருசா ஒண்ணும் செய்யலையே, ஆண்டவர் என்னை ஏத்துக்குவாரா?" என்று கேட்டு அழுகிறார். அண்ணனோ, "கிரியைகளை (நற்செயல்களை) நம்புகிறவர்களுக்கு இரட்சிப்பு இல்லை" என்று போனிலேயே சொல்லிவிடுகிறார். நேரில் வந்து பார்ப்பதில்லை. யார் சொல்வது சரி?

— ஒரு வாசகி, நாகர்கோவில்

அன்புச் சகோதரி,

முதலில் அம்மா. இயேசுவுக்குப் பக்கத்தில் சிலுவையில் தொங்கிய கள்ளனைப் பற்றி அவரிடம் பேசுங்கள். கை கால் அசைக்க முடியாத நிலை. இனி யாருக்கும் ஒரு வாய்த் தண்ணீர்கூட அந்த மனிதனால் கொடுக்க முடியாது. "அடியேனை நினைத்தருளும்" என்று கேட்க மட்டும்தான் முடிந்தது. "இன்றைக்கு நீ என்னுடனேகூடப் பரதீசிலிருப்பாய்" என்ற பதில் உடனே கிடைத்தது. இந்த லூக்கா 23-ஆம் அதிகாரத்தை அம்மாவின் காதருகே உட்கார்ந்து மெதுவாக வாசியுங்கள். வாழ்நாள் முழுக்கக் குடும்பத்துக்காக உழைத்த ஒரு தாய், கடைசிக் காலத்தில் தன் கை வெறுமையாக இருக்கிறதே என்று கலங்கக் கூடாது.

அவர் ஆர்.சி. குடும்பத்தில் பிறந்தவர் என்பதும் ஒரு தடை இல்லை. கத்தோலிக்கத் திருச்சபையிலிருந்து புராட்டஸ்டண்ட் சபைகள் பிரியக் காரணமான மார்ட்டின் லூத்தர் தன் 95 கருத்துகளை வெளியிட்டது 1517 அக்டோபர் 31. அதே தேதியில், 1999-ல், ஜெர்மனியின் ஆக்ஸ்பர்க் நகரில் கத்தோலிக்கத் திருச்சபையும் லூத்தரன் உலக சம்மேளனமும் ஒரு கூட்டறிக்கையில் கையெழுத்திட்டன. நம்முடைய தகுதியைப் பார்த்து ஏற்காமல், கிருபையினால் மட்டுமே கடவுள் நம்மை ஏற்றுக்கொள்கிறார், அந்தக் கிருபையே நம்மை நற்செயல்களுக்கு அழைக்கிறது என்று இரு தரப்பும் சேர்ந்து அறிக்கையிட்டன. 2006-ல் மெதடிஸ்டுகள் என்ற இன்னொரு புராட்டஸ்டண்ட் பிரிவினரும் இதில் இணைந்தார்கள். எல்லா வேறுபாடும் தீர்ந்துவிடவில்லை, உண்மைதான். ஆனால் ஜெபமாலையைப் பார்த்து ஒருவருடைய இரட்சிப்பைத் தீர்ப்பு செய்ய உங்கள் அண்ணனுக்கு யார் அதிகாரம் கொடுத்தது?

அவர் சொல்லும் வசனம் சரியானதே. "இது கிரியைகளினால் உண்டானதல்ல" என்று எபேசியர் 2:9 சொல்கிறது. அப்புறம் பத்தாம் வசனம் இருக்கிறதே! நற்கிரியைகளைச் செய்வதற்காகவே நாம் கிறிஸ்துவுக்குள் சிருஷ்டிக்கப்பட்டோம் என்கிறது. அதே பவுல்தான், தன் வீட்டாரை விசாரியாதவன் விசுவாசத்தை மறுதலித்தவன் என்று 1 தீமோத்தேயு 5:8-ல் எழுதுகிறார். உடுக்க இல்லாமல், உண்ண இல்லாமல் நிற்கிறவரைப் பார்த்து "சமாதானத்தோடே போங்கள்" என்று வாயால் சொல்லி அனுப்புகிற விசுவாசத்தை யாக்கோபு செத்தது என்கிறார். நான் கடுமையாகப் பேசுவதாகத் தோன்றலாம். ஆனால் படுக்கையில் கிடக்கும் தாய்க்கு இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்க வைக்க ஆள் வேண்டும். கஞ்சியை ஸ்பூனில் ஊட்டும்போது புரை ஏறாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். விசுவாசம் இருக்கிற மகன் அங்கே இருப்பான்.

இதையெல்லாம் வசனமாக அடுக்கி அண்ணனுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பாதீர்கள். அவர் இன்னும் பத்து வசனம் திருப்பி அனுப்புவார். "சனிக்கிழமை ராத்திரி நீ வந்து அம்மாவுடன் படுத்துக்கொள், நான் கொஞ்சம் தூங்க வேண்டும்" என்று மட்டும் கேளுங்கள். உங்கள் சபை ஆயரையும் வீட்டுக்கு வரச்சொல்லி, அம்மாவுக்குத் திருவிருந்து கொடுக்கச் சொல்லுங்கள். முடிந்தால் அண்ணன் இருக்கிற நாளாகப் பாருங்கள்.