டிஜே கேள்வி–பதில்: கூடையில் போடும் முன்

கே: வாராவாரம் புது ஹவுஸ், டெக்னோ நடன இசை ட்ராக்குகள் கொட்டுகின்றன. பீட்போர்ட் இணைய இசைக் கடையின் டாப் 100-ஐ வாங்கினால் போதாதா?

ப: அந்த நூறையும் எல்லா டிஜேக்களும்தான் பார்க்கிறார்கள், நீங்கள் போடும்போது கூட்டத்துக்கு அது கேட்டுப் புளித்திருக்கும். பட்டியலை விட்டு லேபிளை, அதாவது இசை வெளியிடும் நிறுவனத்தைப் பிடியுங்கள். பிடித்த ஒரு ட்ராக்கை வெளியிட்ட லேபிள், ரீமிக்ஸ் செய்தவர் இரண்டையும் டிஸ்காக்ஸ் என்ற இசை வெளியீட்டுத் தரவுத்தளத்தில் தேடினால் பழைய வெளியீடுகள் வரிசையாக வரும். தேறுகிற லேபிள்களை பேண்ட்கேம்ப் இசை விற்பனைத் தளத்தில் பின்தொடருங்கள். புது வெளியீட்டுக்கு மின்னஞ்சல் வரும். ஹவுஸ் மட்டும் போதுமென்றால் ட்ராக்ஸோர்ஸ் நல்ல கடை.

பிறர் மிக்ஸில் (ட்ராக்குகளை ஒன்றோடொன்று கலந்து ஓட்டுவதில்) கேட்டதை, பாட்டை அடையாளம் காட்டும் ஷசாம் செயலி கண்டுபிடிக்கவில்லையா? இரண்டு ட்ராக்குகள் கலந்து ஓடும் இடத்தில் அது திணறும். ஒன்று மட்டும் ஒலிக்கும் இடத்தில் முயலுங்கள். வேகத்தோடு சுருதியும் மாறியிருந்தால் அங்கும் சிரமம்தான்.

கே: கடையில் கேட்கும்போது பிரமாதம், மிக்ஸில் சொதப்புகிறது. ஏன்?

ப: கடை முன்னோட்டம் பெரும்பாலும் நடுவிலிருந்து, உச்சத்தை ஒட்டித் தொடங்கும். உங்களுக்கு வேண்டியதோ தொடக்கமும் முடிவும். ரேடியோ எடிட் எனும் சுருக்கிய வடிவத்தை வாங்கியிருந்தால் சில நொடிகளிலேயே குரல் வந்துவிடும், கலக்க இடமே இருக்காது. எக்ஸ்டெண்டட் மிக்ஸ் எனும் நீண்ட வடிவத்தைத் தேடுங்கள். 125 பிபிஎம்மில் (நிமிடத்துக்கு 125 தட்டு) 32 பார் (ஒரு பாருக்கு நான்கு தட்டு) என்பது ஏறக்குறைய 61 நொடி, 16 பார் 31 நொடி. முன்னால் வெறும் தாளமாக 16 பாராவது இருக்கிறதா என்று அலைவடிவத்தைப் பாருங்கள். ட்ராக் எந்தச் சுருதியில் உள்ளது என்று கடை போடும் குறிப்பை அப்படியே நம்பாதீர்கள், தப்பாகவும் இருக்கும். கீபோர்டில் பேஸ் வரியை (அடித்தள மெட்டை) வாசித்துச் சரிபாருங்கள்.

கூடையில் போட்டதை ஒரு வாரம் கழித்துத் திரும்பக் கேளுங்கள். உங்களிடம் உள்ள எந்த இரண்டு ட்ராக்குகளுக்கு நடுவே இது உட்காரும்? பதில் இல்லையென்றால் நீக்கிவிடலாம்.

கே: யூடியூபிலிருந்து இறக்கிக்கொள்ளக் கூடாதா?

ப: இசையமைத்தவருக்கு ஒரு காசும் போகாது என்பது ஒருபுறம். எம்பி3யாக மாற்றித் தரும் தளங்களின் கோப்புகளில் பெரும்பாலும் 16 கிலோஹெர்ட்ஸுக்கு மேலுள்ள உச்ச ஒலிகள் ஒன்றும் மிஞ்சாது. இயர்போனில் தப்பிக்கலாம், கிளப் ஸ்பீக்கரில், நல்ல கோப்புக்கு அடுத்து ஓடும்போது, ஹைஹாட் தாளத்தின் கணீர் ஒலி மங்கிப்போகும். கோப்பின் பெயரில் 320 (நொடிக்கு 320 கிலோபிட்) என்றிருப்பதால் இழந்த ஒலி திரும்பாது. சந்தேகமிருந்தால் ஸ்பெக் என்ற இலவச மென்பொருளில் திறந்தால் வெட்டு கண்ணுக்கே தெரியும்.

கடையில் வாங்கும் 320 எம்பி3 தாராளமாகப் போதும்: ஏழு நிமிடத்துக்கு சுமார் 17 மெகாபைட். சுருக்காத வேவ் கோப்பு 74 மெகாபைட் பிடிக்கும். பாடல் விவரங்களும் அதில் சரியாக ஒட்டாது. தரம் குறையக் கூடாதென்றால் அதேபோல் சுருக்காத ஏஐஎஃப்எஃப் வாங்குங்கள். தரம் குறையாமல் சுருக்கிய ஃப்ளாக் கோப்பைப் பழைய சிடிஜே-2000 டிஜே பிளேயர் படிக்காது. பாடல்களை ஏற்றும் யூஎஸ்பியை ஃபேட்32 முறையில் ஃபார்மட் செய்யுங்கள், எக்ஸ்ஃபேட் முறை பல பிளேயர்களில் திறக்காது.