வாசலில் நிற்கும் மருத்துவர்

அன்புள்ள ஐயா,

'சஃபையர்' என்ற 1959-ஆம் ஆண்டு ஆங்கிலப் படத்தைச் சென்ற வாரம் பார்த்தேன். நீங்கள் எப்போதோ ஒரு கட்டுரையில் போகிறபோக்கில் சொல்லியிருந்ததால் தேடிப் பிடித்தேன். கொலையுண்ட பெண்ணின் அண்ணனாக, கறுப்பின மருத்துவராக வருபவர் மனத்தைவிட்டு அகலவில்லை. படத்தில் அவர் வரும் நேரமே கொஞ்சம்தான். பெயர் ஏர்ல் கேமரூன் என்று அறிந்துகொண்டேன். கடைசிவரை துணை நடிகராகவே இருந்திருக்கிறார். அதே காலத்தில் அமெரிக்காவில் கறுப்பின நடிகர் சிட்னி பாய்ட்டியர் நட்சத்திரமாகிவிட்டாரே, இவருக்கு என்ன குறை? திறமை போதவில்லையா, அதிர்ஷ்டம் இல்லையா? இன்னொன்று. தங்கை செத்துக் கிடக்கிறாள், எதிரில் இருப்பவர்கள் எல்லோரும் ஏதோ ஒரு வகையில் அவமதிக்கிறார்கள். இந்த மனிதருக்குக் கோபமே வரவில்லையே! அது நடிப்பின் குறையா?

மு., கோவில்பட்டி

அன்புள்ள மு.,

முதலில் ஒரு சொல் விவகாரம். நம்மூரில் துணை நடிகர் என்றால் திருவிழாக் காட்சியில் கூட்டத்தோடு கூட்டமாக நிற்பவர், மாலையில் பேட்டாவுக்கு வரிசையில் நிற்பவர். கேமரூன் செய்ததை நாம் குணச்சித்திர வேடம் என்போம். ஆனால் நீங்கள் பயன்படுத்திய சொல்லை நான் திருத்தப்போவதில்லை. அவருக்குக் கிடைத்த வேடங்களைப் பார்த்தால் இரண்டு சொற்களுக்கும் நடுவில் எங்கோ நிற்கின்றன.

நீங்கள் சொன்ன அந்தக் காட்சிக்கே போகலாம். லண்டனின் ஹாம்ஸ்டெட் ஹீத் புல்வெளியில் ஒரு பெண்ணின் உடல் கிடைக்கிறது. சங்கீதம் படித்த மாணவி, பெயர் சஃபையர். பார்வைக்கு வெள்ளைக்காரி. போலீசாரும் அப்படித்தான் நினைக்கிறார்கள். பர்மிங்காமிலிருந்து அவளுடைய அண்ணன் வந்திருப்பதாகத் தகவல் வருகிறது. கதவு திறக்கிறது. உள்ளே வருபவர் கறுப்பர். மருத்துவர் ராபின்ஸ். விசாரணை அதிகாரி ஹசார்டின் முகம் ஒரு நொடி தடுமாறித் தன்னிலைக்குத் திரும்புகிறது. ராபின்ஸ் அதைப் பார்க்கிறார். பார்த்ததைக் காட்டிக்கொள்வதில்லை. இப்படி எத்தனை முகங்கள் தடுமாறுவதை அவர் பார்த்திருப்பார் என்பது அந்தக் காட்டிக்கொள்ளாமையில் இருக்கிறது.

இப்போது யோசித்துப் பாருங்கள். அந்தக் காட்சி யாருடையது? வசனமும் துக்கமும் ராபின்ஸுக்கு உரியவை. கதைக்கோ ஹசார்டின் முகம்தான் வேண்டும். பள்ளி ஆய்வகத்தில் லிட்மஸ் தாளை அமிலத்தில் நனைப்போமே, அந்தத் தாள்தான் கேமரூன். வெள்ளையர்கள் என்ன நிறத்துக்கு மாறுகிறார்கள் என்று காட்டுவதற்காக அவரை ஒவ்வொரு அறைக்குள்ளும் அனுப்புகிறார்கள். உச்சக்கட்டத்திலும் அதுதான் நடக்கிறது. அவர் ஒரு வெள்ளையர் வீட்டுக் கூடத்தில் சும்மா இருக்கிறார், அவர் அங்கே இருப்பதே கொலையாளியின் வாயைத் திறந்துவிடுகிறது. (படம் பார்க்காதவர்களும் இதைப் படிப்பார்கள், கொலையாளி யார் என்று சொல்லவில்லை.)

இந்தப் படத்துக்கு அந்த ஆண்டின் சிறந்த பிரிட்டிஷ் படத்துக்கான பாஃப்டா விருது கிடைத்தது. 1958-இல் நாட்டிங் ஹில்லில் கறுப்பர்களைத் தேடித் தேடி வெள்ளை இளைஞர்கள் தாக்கிய கலவரம் முடிந்த கையோடு வந்த படம். இயக்குநர் பேசில் டியர்டனின் நல்லெண்ணத்தில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனாலும் அதில் ஒரு நடன விடுதிக் காட்சி வருகிறது. எவ்வளவு வெள்ளையாக இருந்தாலும், முரசொலி கேட்டதும் தாளம் போடும் கால்கள் காட்டிக்கொடுத்துவிடும் என்று அங்கே ஒருவன் சொல்கிறான், கேமராவும் அதை ஆமோதிக்கிறது. இனவாதத்தைக் கண்டிக்க வந்த படத்துக்குள்ளேயே இப்படி. அந்தப் படத்தில் கேமரூன் ஒருவர்தான் எந்தத் தாளத்துக்கும் ஆடாமல் நிற்கிறார்.

அவருடைய கதையைக் கொஞ்சம் சொல்கிறேன். பெர்முடா தீவில் 1917-இல் பிறந்தவர். தந்தை கல்தச்சர், கேமரூனுக்கு ஐந்து வயதிருக்கும்போது இறந்துவிட்டார். வளர்ந்ததும் வணிகக் கப்பலில் வேலைக்குச் சேர்ந்து, நியூயார்க்குக்கும் தென்னமெரிக்காவுக்கும் இடையே போய்வந்துகொண்டிருந்தார். 1939 அக்டோபரில், போர் தொடங்கி இரண்டு மாதம்கூட ஆகாத நிலையில், லண்டனில் இறங்கினார். உணவகம் ஒன்றில் தட்டு கழுவும் வேலை கிடைத்தது. பாத்திரம் கழுவியவர் பாத்திரம் ஏற்றார் என்று எழுதக் கை துடிக்கிறது, பொறுத்துக்கொள்ளுங்கள். அலிபாபா கதையை வைத்துச் செய்த 'சூ சின் சௌ' என்ற இசை நாடகத்தில் அவருடைய நண்பர் ஒருவர் இருந்தார். எனக்கும் ஓர் இடம் கிடைக்குமா என்று கேட்டுவைத்தார் கேமரூன். இடமில்லை என்றார்கள். சில வாரம் கழித்து ஒருவர் வராமல் போக, இவரை மேடையேற்றினார்கள். தட்டுக் கழுவுவதைவிட இது மேல் என்பதுதான் அப்போதைய கலை ஆர்வம்.

1945-இல், போர்வீரர்களுக்குக் கலைநிகழ்ச்சி நடத்தும் குழுவோடு, மூவர் பாட்டுக் கச்சேரியில் ஒருவராக இந்தியாவுக்கும் வந்து போயிருக்கிறார்.

அவருடைய குரலை நீங்கள் கவனித்திருப்பீர்கள். தணிந்த, அவசரமில்லாத குரல். அதைப் பழக்கியவர் அமண்டா ஆல்ட்ரிஜ் என்ற மூதாட்டி. இந்த இடத்தில் நான் எப்போதும் நின்றுவிடுவேன். அமண்டாவின் தந்தை ஐரா ஆல்ட்ரிஜ், 1833-இல் லண்டன் கோவென்ட் கார்டன் அரங்கில் ஷேக்ஸ்பியரின் ஒத்தெல்லோவாக நடித்த கறுப்பின நடிகர். பத்திரிகைகள் அவரைப் பாடாய்ப்படுத்தின. அவர் ஐரோப்பா முழுக்கச் சுற்றிப் புகழ்பெற்று, 1867-இல் போலந்தில் இறந்தார். அதற்கு முந்தைய ஆண்டு பிறந்தவர் அமண்டா. தந்தையின் முகமே நினைவிருக்க வாய்ப்பில்லாத அந்த மகள், முதுமையில் பெர்முடாக்காரர் ஒருவருக்குச் சொல்லை எப்படி நிறுத்துவது, மூச்சை எங்கே எடுப்பது என்று கற்றுக்கொடுத்தார். நம் இசைக்காரர்கள் குருபரம்பரை என்று சொல்வார்களே, அதுதான் இது.

1951-இல் 'பூல் ஆஃப் லண்டன்'. ஈலிங் நிறுவனத்தின் படம், இயக்கம் இதே டியர்டன். வார இறுதியில் லண்டன் துறையில் நிற்கும் ஒரு சரக்குக் கப்பல். அதில் ஜானி என்ற ஜமைக்கா மாலுமியாகக் கேமரூன். இது துணை வேடமே அல்ல, படத்தின் பாதி பாரம் இவர் தோளில். அரங்க வாசலில் சேவகன் விரட்டுகிறான், டிக்கெட் கொடுக்கும் வெள்ளைக்காரப் பெண் பேட் பரிவோடு பேசுகிறாள். இருவரும் ஊர் சுற்றுகிறார்கள். புனித பால் தேவாலயம், கிரீனிச். வெள்ளை - கறுப்பு நட்பில் காதல் துளிர்ப்பதைப் பிரிட்டிஷ் படம் ஒன்று காட்டியது அதுவே முதல்முறை என்பார்கள். துளிர்ப்பதோடு சரி, ஒரு முத்தம்கூடக் கிடையாது. இரவில் கப்பலின் சுக்கானைப் பிடித்துக்கொண்டு தனியே நிற்கும்போது, ஒருவன் ஏன் வெள்ளையாகப் பிறக்கிறான், இன்னொருவன் ஏன் இல்லை என்று யோசிப்பேன் என ஜானி அவளிடம் சொல்லும் இடம் இருக்கிறது. வேறொரு நடிகர் அதைப் பிரசங்கமாக்கியிருப்பார். கேமரூன் உண்மையிலேயே கப்பலில் இரவுகளைக் கழித்தவர். வானிலை சொல்வதுபோலச் சொல்லிவிட்டு நிறுத்துகிறார்.

இப்படி ஒரு தொடக்கம் கிடைத்தால் அடுத்தது என்ன? அடுத்த ஆண்டு 'எமர்ஜென்சி கால்' படத்தில் ரத்தம் கொடுக்க வரும் மாலுமி. 1955-இல் 'சிம்பா'. பிரிட்டிஷ் ஆட்சியை எதிர்த்த கென்யாவின் மாவ் மாவ் கிளர்ச்சி அப்போது நடந்துகொண்டே இருந்தது. அதில் ஆங்கிலப் படிப்புக்கும் தன் மக்களுக்கும் இடையே சிக்கிய மருத்துவர் கரஞ்சா. படத்தின் நாயகன் டர்க் போகார்ட், வெள்ளைப் பண்ணையாளர். கறுப்பு மருத்துவர் நல்லவர் என்பதை நாயகன் உணர வேண்டும், உணர்ந்ததும் மருத்துவர் சாக வேண்டும். மறு ஆண்டு 'சஃபாரி'யில் மாவ் மாவ் தளபதியாகி, வெள்ளையர்களைக் கொல்கிறார். 1961-இல் 'ஃப்ளேம் இன் தி ஸ்ட்ரீட்ஸ்'. மரச்சாமான் தொழிற்சாலையில் மேற்பார்வையாளர் பதவிக்கு வரும் கேப்ரியல் கோமஸ். அவருக்காகத் தொழிற்சங்கக் கூட்டத்தில் ஜான் மில்ஸ் முழங்குகிறார், வீட்டில் தன் மகள் ஒரு கறுப்பரை மணக்கப்போகிறேன் என்றதும் தடுமாறுகிறார். மறுபடியும் லிட்மஸ். தெருவில் எரியும் நெருப்பில் தள்ளப்படுவது மட்டும் கோமஸ்.

இவற்றுக்கு நடுவே டார்ஜான் படங்கள் இரண்டு. 1965-இல் 'தண்டர்பால்', பஹாமாஸ் தீவில் ஜேம்ஸ் பாண்டுக்கு உதவும் உளவாளி பிண்டர். அடுத்த ஆண்டு 'டாக்டர் ஹூ' தொலைக்காட்சித் தொடரில் விண்வெளி வீரர். இந்த ஒரு வேடத்தை எனக்கு மிகவும் பிடிக்கும், அவர் கறுப்பர் என்பதைப் பற்றி யாரும் வாய் திறப்பதில்லை.

கேமரூனே முதுமையில் சொன்னது இதுதான்: கதையில் கறுப்பர் என்று எழுதியிருந்தால் ஒழிய எங்களை யாரும் நினைத்துப் பார்க்கவே மாட்டார்கள், வெள்ளையருக்கு எழுதிய வேடத்தை மாற்றித் தரவும் மாட்டார்கள். உங்கள் திறமை, அதிர்ஷ்டக் கேள்விக்கு இதைவிட நேரான பதில் என்னிடம் இல்லை. நிறம் பிரச்சினையாகும் படத்தில் அவருக்கு வேலை உண்டு. நிறம் பிரச்சினையில்லாத படத்தில் அவர் பெரும்பாலும் இல்லை. ஆண்டுக்கு எத்தனை படம் நிறத்தைப் பற்றி எடுப்பார்கள்? அவர் மட்டுமல்ல, நைஜீரியாவிலிருந்து வந்த ஆர்லாண்டோ மார்ட்டின்ஸ், டிரினிடாடின் எட்ரிக் கானர் எல்லோரும் அந்த ஒரே கிணற்றில்தான் நீர் இறைத்தார்கள்.

பாய்ட்டியர் ஒப்பீடு எனக்கும் தோன்றியதுண்டு. பாய்ட்டியர் வளர்ந்தது பஹாமாஸில், இவர் பெர்முடா. அவருடைய முதல் முக்கியப் படம் 1950, இவருடையது 1951. இருவரும் 1957-இல் ஒரே படத்தில் நடித்திருக்கிறார்கள், 1973-இல் பாய்ட்டியர் தானே இயக்கிய படத்துக்கு இவரை அழைத்தார். ஆனால் அமெரிக்காவில் கறுப்பர்கள் கோடிக்கணக்கில் டிக்கெட் வாங்குகிறவர்கள். அங்கே கறுப்பர்களின் சமவுரிமைப் போராட்டம் நடந்துகொண்டிருந்தது, ஹாலிவுட்டுக்கு ஒரு முகம் தேவைப்பட்டது. 1950-களின் பிரிட்டனில் கறுப்பர்கள் சிறு தொகை. அவர்களுக்காகப் படமெடுத்து லாபம் பார்க்கலாம் என்று எந்தத் தயாரிப்பாளரும் கணக்குப் போடவில்லை. பாய்ட்டியருக்கும் ஒரே ஓர் இடம்தான் இருந்தது என்பதையும் மறக்க வேண்டாம். அந்த இடம் பெரியது, அவ்வளவே.

கோபம் பற்றிக் கேட்டீர்கள். ராபின்ஸ் கத்தியிருந்தால் அன்றைய பார்வையாளர் நிம்மதியாகப் பெருமூச்சு விட்டிருப்பார், இவர்கள் இப்படித்தான் என்று. வசனம் எழுதியவர்களுக்கும் அது தெரியும். ஆகவே கறுப்பர் நல்லவராக, படித்தவராக, முடிந்தால் மருத்துவராக இருக்க வேண்டும், குரல் உயரக் கூடாது. கண்ணியம் என்று நாம் பாராட்டுவதில் பாதி, எழுதியவர்கள் போட்ட வேலி. கேமரூன் அந்த வேலிக்குள் நின்றபடியே செய்த ஒன்றைச் சொல்கிறேன். அடுத்தமுறை பார்க்கும்போது அவர் பேசும் இடங்களை விடுங்கள், மற்றவர் பேசும்போது அவர் கேட்டுக்கொண்டிருக்கும் இடங்களைப் பாருங்கள். கண் இமைப்பது தாமதமாகும். பதில் சொல்வதற்கு முன் ஒரு சிறு இடைவெளி விடுவார். எதிராளி அந்த இடைவெளியில் தன்னைத்தானே கேட்டுக்கொள்ள வேண்டியிருக்கும். உங்கள் கண்ணுக்குக் கோபமில்லாததாகத் தெரிந்தது அந்த இடைவெளிதான் என்று நினைக்கிறேன்.

1963-இல் பஹாய் சமயத்தைத் தழுவினார். 1979-இல் குடும்பத்தோடு பசிபிக்கிலுள்ள சாலமன் தீவுகளுக்குப் போய், பதினைந்து ஆண்டுகள் ஐஸ்கிரீம் வியாபாரம் செய்தார். ஆம், ஐஸ்கிரீம். இதைத் தோல்வியின் அடையாளமாகச் சிலர் எழுதுகிறார்கள், எனக்கு அப்படித் தோன்றவில்லை. தீவில் பிறந்தவர் தீவுக்குப் போனார். 1994-இல் மனைவி இறந்தபின் இங்கிலாந்து திரும்பினார். 2005-இல் 'தி இன்டர்பிரெட்டர்' படத்தில் ஆப்பிரிக்கச் சர்வாதிகாரியாகத் திரைக்கு வந்தபோது அவருக்கு வயது 87. பிறகு அரசின் சிபிஇ விருது, பெர்முடாவில் அவர் பெயரில் ஓர் அரங்கம். 2020 ஜூலையில் 102 வயதில் இறந்தார்.

உங்களுக்கு நேரமிருந்தால் 2006-இல் வந்த 'தி குயீன்' படத்தின் முதல் சில நிமிடங்களை மட்டும் பாருங்கள். 1997 தேர்தல் நாள். எலிசபெத் அரசி உடையலங்காரத்தோடு அசையாமல் அமர்ந்திருக்கிறார், ஓவியர் ஒருவர் அவரை வரைந்துகொண்டிருக்கிறார். காலையிலேயே போய் ஓட்டுப் போட்டுவிட்டதாகவும், தொழிற்கட்சித் தலைவர் டோனி பிளேருக்குப் போடவில்லை என்றும் அந்த ஓவியர் கூச்சமில்லாமல் சொல்கிறார். அரசி மெல்லச் சிரிக்கிறார். ஓவியர் கேமரூன். அவர் ஏன் கறுப்பர் என்று அந்தக் காட்சியில் யாரும் கேட்பதில்லை, அவரைப் பார்த்து யாருடைய முகமும் தடுமாறுவதில்லை. கையில் தூரிகையை வைத்துக்கொண்டு, இந்தமுறை பார்ப்பவர் அவர்தான்.

அன்புடன்.