போக்கர் மேசையில் தவறைக் கண்டால் சொல்லலாமா?

நீங்கள் சீட்டை மடக்கி அந்த ஆட்டத்திலிருந்து விலகிவிட்டீர்கள். சீட்டு போடும் டீலர், ஜெயித்தவருக்குச் சேர வேண்டிய மொத்தப் பந்தயத்தைத் தவறான ஆளிடம் தள்ளுகிறார். வாயைத் திறக்கலாமா என்று கேட்கிறீர்கள். திறக்கத்தான் வேண்டும். போக்கர் போட்டி நடத்துநர்கள் சங்கமான டிடிஏவின் விதிகளும், கையில் சீட்டு இருந்தாலும் இல்லாவிட்டாலும் சொல்லுங்கள் என்கின்றன.

மேசையில் எல்லோருக்கும் பொதுவான சீட்டுகள் 5, 6, 7, 8, கிங். ஒருவர் கிங்கையும் 9-ஐயும் திறந்து வைத்து "கிங் ஜோடி" என்கிறார். அவரிடம் இருப்பதோ அதைவிடப் பெரிய ஸ்ட்ரெய்ட், அதாவது 5 முதல் 9 வரை வரிசையாக ஐந்து சீட்டு! வாய் எதைச் சொன்னாலும் சீட்டு சொல்வதுதான் கணக்கு. உடனே "டீலர், ஒரு நிமிஷம்" என்று நிறுத்துங்கள். அடுத்த ஆட்டம் தொடங்கிவிட்டால் சீட்டை மறுபடி படிக்கச் சொல்ல முடியாது.

ஆனால் சீட்டு இன்னும் கவிழ்ந்திருந்தால், எட்டிப் பார்த்திருந்தாலும் மூச்சு விடாதீர்கள். ஒருவர் கையிலுள்ள சீட்டை அவர் மட்டும்தான் ஆட வேண்டும். அங்கே யோசனை சொல்வது எதிரில் இருப்பவருக்குச் செய்யும் அநியாயம்.

அப்புறம், டீலர் மறுத்தால் சண்டை வேண்டாம். தகராறைத் தீர்க்கும் ஃப்ளோர் மேலாளரைக் கூப்பிடச் சொல்லுங்கள்.