நோட்டீஸ் அடிப்பது யார் வேலை?

கேள்வி: நண்பர்கள் சேர்ந்து நடத்தும் சிறிய நாடகக் குழு எங்களுடையது. சமீபத்தில் ஒரு சபா எங்களை அழைத்து, ஒரு தொகை பேசி நாடகம் போடச் சொன்னது. அரங்கில் பாதி நாற்காலி காலி. "கூட்டம் சேர்ப்பது உங்கள் பொறுப்புதானே" என்று செயலாளர் கோபித்துக்கொண்டு, பேசிய தொகையிலும் கொஞ்சம் பிடித்துக்கொண்டார். விளம்பரம் செய்ய வேண்டியது குழுவா, சபாவா? (ஒரு வாசகர், திருச்சி)

பதில்: தொகையில் கை வைத்தது தப்பு, அதை முதலில் சொல்லிவிடுகிறேன். உங்களுக்கு இவ்வளவு என்று பேசி, டிக்கெட் வசூலையும் சந்தாவையும் சபா எடுத்துக்கொள்கிறது என்றால், காலி நாற்காலியும் சபாவினுடையதுதான். யார் கல்லாவில் பணம் விழுகிறதோ அவர்தான் ஊருக்குச் சொல்ல வேண்டும்.

இது நான் புதிதாகச் சொல்வது இல்லை. கம்பெனி நாடகக் காலத்தில் கம்பெனியே கொட்டகை பிடித்து ஆடினால் நோட்டீஸ் செலவு முதலாளியுடையது, வண்டியில் பேண்டு வாத்தியத்தோடு தெருத்தெருவாகத் துண்டு நோட்டீஸ் கொடுத்துக்கொண்டு போவார்கள். காண்ட்ராக்டர் ஒருவர் ராத்திரிக்கு இவ்வளவு என்று கொடுத்து நாடகத்தை எடுத்தால் வசூலும் அவருக்கு, விளம்பரமும் அவர் தலையில். இன்றைக்கும் மதுரை, புதுக்கோட்டை பக்கம் ஸ்பெஷல் நாடகத்தைப் பாருங்கள். கதாநாயகனாக வரும் ராஜபார்ட் ஓர் ஊர், கதாநாயகியாக வரும் ஸ்திரீபார்ட் வேறு ஊர், சிரிக்க வைக்கும் பபூன் இன்னோர் ஊர், எல்லாரையும் தனித்தனியாகப் பேசி வரவழைப்பது திருவிழாக் கமிட்டி, அவர்கள் படங்களைப் போட்டு நோட்டீஸ் அடிப்பதும் கமிட்டிதான். வள்ளி திருமணத்தில் முருகன் வேஷம் கட்ட வந்தவரிடம் போய் "ஏன் கூட்டம் குறைச்சல்" என்று சம்பளத்தைப் பிடித்தால் என்ன ஆகும்? அடுத்த வருஷம் அந்த ஊருக்கு ஆள் கிடைக்காது.

சபாக்காரர்கள் ஏன் இப்படிப் பேசுகிறார்கள் என்பதற்கும் ஒரு காரணம் இருக்கிறது. சபா என்பதே முன்கூட்டிச் சந்தா வாங்கிக்கொண்டு நிகழ்ச்சி தரும் ஏற்பாடு. உறுப்பினர் வீட்டுக்கு நிகழ்ச்சி நிரல் தபாலில் போய்விடும், அவர் குடும்பத்தோடு வந்து உட்காருவார், நாடகம் ஒரு சபாவிலிருந்து அடுத்த சபாவுக்குப் போகும். குழு தனியாக விளம்பரத்துக்கு அலைய வேண்டிய அவசியமே பெரிதாக இல்லாத காலம் அது. அப்புறம் வீட்டுக்கு வீடு டிவி வந்தது, சந்தாதாரர்கள் குறைந்தார்கள், பழைய ஆட்களுக்கு வயதாகிவிட்டது. ஆனால் பல சபாக்களின் பழக்கம் மட்டும் மாறவில்லை, உறுப்பினர் பட்டியலுக்கு ஒரு வாட்ஸ்அப் செய்தி அனுப்பிவிட்டு வேலை முடிந்தது என்று இருக்கிறார்கள். அந்தப் பட்டியலில் இல்லாத ஊருக்கு நாடகம் நடப்பதே தெரியாது. எல்லாரையும் குறை சொல்லவில்லை, சென்னையில் கார்த்திக் ஃபைன் ஆர்ட்ஸ் கோடை நாடக விழா மாதிரி விழாவாக நடத்தும்போது விழாவின் பெயரே பாதி விளம்பரம் ஆகிவிடுகிறது. தனியாக ஒரு நாடகம் போடும் சிறிய சபாவுக்கு அந்த வசதி இல்லை.

சரி, குழுவுக்குப் பொறுப்பே இல்லையா என்றால், இருக்கிறது. நாடகத்தின் பெயர், யார் எழுதியது, யார் இயக்கியது, எவ்வளவு நேரம் ஓடும், குழந்தைகளை அழைத்து வரலாமா, நாலு வரிக் கதைச் சுருக்கம், நல்ல படங்கள் இரண்டு மூன்று, இவ்வளவையும் தேதி உறுதியான உடனேயே கொடுத்துவிட வேண்டும். பல குழுக்கள் இதை முந்தின நாள் ராத்திரி அனுப்புகிறார்கள், அதுவும் ஒத்திகையில் இருட்டில் எடுத்த படம், யார் முகமும் தெரியாது. பத்திரிகையின் 'இன்றைய நிகழ்ச்சிகள்' பகுதிக்குக்கூட அதை வைத்து ஒன்றும் செய்ய முடியாது. நீங்கள் இதையெல்லாம் கொடுத்திருந்தால் உங்கள் கை சுத்தம். கொடுக்கவில்லை என்றால் செயலாளரின் கோபத்தில் கொஞ்சம் நியாயம் உண்டு, பணத்தைப் பிடிக்கும் அளவுக்கு இல்லை.

அடுத்த தடவை தேதி கொடுக்கும்போதே எழுதி வாங்குங்கள், ஒரு மின்னஞ்சல் போதும். பேசிய தொகை என்றால் விளம்பரம் சபா. அரங்கை வாடகைக்கு எடுத்து நீங்களே டிக்கெட் விற்றால் எல்லாம் நீங்கள், அரங்கத்துக்காரர் வாசல் பலகையில் பெயர் எழுதினாலே பெரிய விஷயம். சண்டை வருவது வசூலில் பங்கு என்று பேசும்போதுதான், ஏனென்றால் பங்கு மொத்த வசூலிலா, நோட்டீஸ் செலவைக் கழித்த மீதியிலா என்று யாரும் முதலில் கேட்பதில்லை, கணக்குப் பார்க்கும் ராத்திரிதான் கேட்கிறார்கள். கழித்த மீதியில் என்றால் அந்தச் செலவுக்கு உச்சவரம்பையும் எழுதிக்கொள்ளுங்கள். அப்புறம், குழுவில் விளம்பரத்துக்கென்று ஒரே ஓர் ஆளை வையுங்கள், அன்றைக்கு நடிக்காத ஆளாக. "எல்லாரும் பார்த்துக்கலாம்" என்று விட்டால் ஒருவரும் பார்க்க மாட்டார்கள்.

கேள்வி: ஒவ்வொரு நடிகரும் இருபது டிக்கெட் விற்றே ஆக வேண்டும் என்கிறார் எங்கள் இயக்குநர். போஸ்டர் ஒட்டவும் நாங்களே போக வேண்டுமாம். நடிப்பதா, விற்பதா? (ஒரு நடிகை, சென்னை)

பதில்: சம்பளம் கொடுக்கும் குழு என்றால் இரண்டாவது வேலைக்கும் சம்பளம் கேளுங்கள். எல்லாரும் கைக்காசு போட்டு நடத்தும் குழு என்றால் நடிகர் நோட்டீஸ் கொடுப்பதில் ஒரு கௌரவக் குறைச்சலும் இல்லை. ஸ்காட்லாந்தின் எடின்பரோவில் 1947-இல், அழைப்பில்லாமலே வந்து ஆடிய எட்டுக் குழுக்களோடு தொடங்கிய ஃபிரிஞ்ச் கலை விழாவில் இன்றும் நடிகர்கள் ராயல் மைல் தெருவில் வேஷத்தோடு நின்று நோட்டீஸ் நீட்டுகிறார்கள். ஆனால் கட்டாய எண்ணிக்கை எனக்குப் பிடிக்காது. சித்தப்பாவும் ஆபீஸ் நண்பர்களும் ஒரு நாடகத்துக்கு வருவார்கள், இரண்டாவதற்கும் வருவார்கள், மூன்றாவதற்குப் போனை எடுக்க மாட்டார்கள். போஸ்டர் விஷயத்தில் மட்டும் கவனம். பொது இடங்களின் அழகைக் கெடுப்பதைத் தடுக்க 1959-லிருந்தே இங்கே சட்டம் இருக்கிறது, கண்ட சுவரில் ஒட்டினால் வழக்கு வரும். டீக்கடை, புத்தகக் கடை, நூலகம் என்று கேட்டுவிட்டு ஒட்டுங்கள்.

கேள்வி: என் நாடகத்தை ஒரு குழு அனுமதி வாங்கித்தான் போட்டது. போஸ்டரில் நடிகர்கள், ஸ்பான்சர், ஒலி ஒளி எல்லார் பெயரும் இருக்கிறது, எழுதிய என் பெயர் இல்லை. குழுவைக் கேட்டால் சபா அடித்தது என்கிறார்கள், சபாவைக் கேட்டால் குழு கொடுத்ததைத்தான் போட்டோம் என்கிறார்கள். (ஓர் எழுத்தாளர், கோவை)

பதில்: நீங்கள் அனுமதி கொடுத்தது குழுவுக்கு, அதனால் குழுவைத்தான் பிடிக்க வேண்டும், சபாவிடம் பேசுவது அவர்கள் பாடு. 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 57-ஆவது பிரிவு, உரிமையையே எழுதிக் கொடுத்துவிட்டாலும் 'இது என் படைப்பு' என்று கோரும் உரிமை ஆசிரியருக்கு உண்டு என்கிறது. வக்கீல் வரை போவதற்கு முன்னால் இதைச் சொல்லி ஒரு கடிதம் போடுங்கள், பெரும்பாலும் அதிலேயே வழிக்கு வருவார்கள். அடுத்த காட்சிக்கு போஸ்டர் அச்சுக்குப் போகும் முன் புரூஃப் எனக்கு வர வேண்டும் என்று அதே கடிதத்தில் சேர்த்துவிடுங்கள்.