ஓக் வீட்டின் விரிசல்கள்

வணக்கம். இங்கிலாந்தில் சிங்கிள்டன் அருங்காட்சியகத்தில் 'பேலீஃப்' என்ற பழைய பண்ணைவீட்டைப் பார்த்தேன். ஓக் மரத்தை வெட்டிய ஈரத்தோடு சட்டம் பூட்டினார்களாம். உலராத மரத்தைத் தச்சர் தொடுவாரா? தூண்களில் விரல் நுழையும் விரிசல். கென்ட்டில் இதே பாணி வீடு வாங்கிய என் அக்காவிடம், விரிசலையும் சுவரையும் சிமென்ட் வைத்து அடைத்துவிடலாம் என்கிறார் கொத்தனார். செய்யலாமா?
ர., கோவை

அன்புள்ள ர.,

சிமென்ட் வேண்டாம். இதை மட்டும் அக்காவிடம் இன்றைக்கே சொல்லிவிடுங்கள்.

பேலீஃப் 15ஆம் நூற்றாண்டில் கென்ட்டின் சிடிங்ஸ்டோனில் எழுந்த வீடு. பௌ பீச் நீர்த்தேக்கம் வந்ததால் 1960களின் இறுதியில் அதைக் கழற்றி, பிறகு சிங்கிள்டனில் பூட்டினார்கள். அப்படிக் கழற்ற முடிந்ததற்குக் காரணம், ஒரு மரத்தின் துளையில் இன்னொன்றின் செதுக்கிய நுனியை (கழுந்து) செருகிக் குறுக்கே மரமுளை அடிக்கும் பிணைப்புதான்.

காய்ந்த ஓக்கில் உளி இறங்குவது பெரும்பாடு. தடித்த மரம் உலர அங்குலத்துக்கு ஏறக்குறைய ஓராண்டு பிடிக்கும்; பத்தங்குலத் தூணுக்குப் பத்து வருடம் யார் காத்திருப்பார்கள்? சுருங்கும் என்று தெரிந்தே ஈரமரத்தைச் செதுக்கினார்கள். முளைத் துளையில் அந்தக் கெட்டிக்காரத்தனம் தெரியும். கழுந்தில் முளைக்கான துளையைத் தூணிலுள்ள முளைத் துளைக்கு நேராகப் போடாமல், சுமார் 3 மில்லிமீட்டர் கழுந்தின் அடிப்பக்கம் தள்ளிப் போடுவார்கள். காய்ந்த ஓக்கைப் பிளந்து கூராக்கிய முளையை அடித்தால், அது லேசாக வளைந்து நுழைந்து கழுந்தை உள்ளே இழுத்துக் கவ்விக்கொள்ளும். மரம் சுருங்கினாலும் பிடி விடாது.

ஓக் ஆண்டு வளையத்தின் போக்கில் சுருங்குவது, மையத்தை நோக்கிச் சுருங்குவதைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. அதனால்தான் மேற்பரப்பிலிருந்து மையம் நோக்கிப் பிளக்கிறது. நீளவாக்கில் ஓடும் இந்த விரிசல் பெரும்பாலும் பலத்தைக் குறைப்பதில்லை. மூட்டின் குறுக்கே ஓடினாலோ, மழை தேங்கும்படி மேல்முகத்தில் வாய் திறந்திருந்தாலோதான் கவலை.

சட்டங்களுக்கு நடுவே இருப்பது பிளந்த ஓக் குச்சியில் ஹேசல் என்ற புதர்மரத்தின் கொம்பு பின்னிய படல். மேலே களிமண், வைக்கோல், சாணம். ஈரத்தை வாங்கி வெளியே விட்டுவிடும். மரம் ஈரத்தில் உப்பிச் சுருங்கும், சிமென்ட் அசையாது. ஓரத்தில் மயிரிழை இடைவெளி விழும், அதில் மழை இறங்கும், திரும்பி வெளியேற வழியிருக்காது. வெளியே பளபளவென்றிருக்கும்போதே உள்ளே கழுந்து மக்கும், வண்டு ஏறும். முதலில் போவது சுவரின் அடியில் கிடக்கும் அடிச்சட்டம்.

கூரான கத்தியால் அடிச்சட்டத்தைக் குத்திப் பார்க்கச் சொல்லுங்கள். மேலே அரை அங்குலம் பொடியாக உதிர்ந்து உள்ளே வைரம் பாய்ந்த நடுமரம் தடுத்தால், பழைய பூச்சி வெளிப்புற வெள்ளைப் பகுதியைத் தின்றிருக்கிறது, அவ்வளவுதான். கத்தி தடையில்லாமல் இறங்கினால், அழுகிய பகுதியை மட்டும் வெட்டிப் புது ஓக்கை ஒட்டுப்போட வேண்டும். முழுச்சட்டத்தை மாற்றச் சொல்பவரை நம்பாதீர்கள்.

பழைய சிமென்ட் இருந்தால் கைச்சுத்தி, உளி கொண்டு மெல்ல எடுக்கட்டும். இயந்திரம் படலையே உலுக்கிவிடும். பூச்சுக்குச் சுண்ணாம்புக் குழைவு 1 பங்கு, கரடுமணல் 3 பங்கு, கொஞ்சம் மாட்டுமுடி. மெல்லிய அடுக்குகளாக, முந்தியது இறுகிய பின்தான் அடுத்தது. ஈரச்சாக்கு தொங்கவிட்டு மெதுவாகக் காயவிட வேண்டும், அவசரப்பட்டால் வெடிக்கும். 5 டிகிரிக்குக் கீழே வேலையைத் தொடவே கூடாது, உறைபனி பூச்சை உரித்துவிடும்.

வீடு பாதுகாக்கப்பட்ட கட்டடப் பட்டியலில் இருக்கிறதா என்று முதலில் பார்க்கச் சொல்லுங்கள். இருந்தால், இந்த மாதிரி மாற்றங்களுக்கு உள்ளூர் கவுன்சிலின் அனுமதி வேண்டும். மீறினால் கொத்தனார் மட்டுமல்ல, அக்காவும் குற்றவியல் வழக்கில் மாட்டுவார்.